பைக்கிலிருந்து விழுந்தவர்

அண்ணன் சட்டையைத் தோள் வரைக்கும் இறக்கிக் காட்டியது பனமலைக் கோயிலின் வெளிப்பிராகாரத்தில் வைத்துத்தான். 2019 மாசி மாதம். கீழே ஏரியில் தண்ணீர் பாதிக்கு வற்றியிருந்தது. வலது தோள்பட்டைக்குப் பின்னால் முக்கோணமாக ஒரு தழும்பு. இஸ்திரிப் பெட்டியின் முனை எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

"இன்னாண்ணே இது?"

"உங்க அண்ணி வச்சது."

அப்போது நான் சொன்ன பதிலை இத்தனை வருடம் கழித்தும் எழுதக் கூச்சமாக இருக்கிறது. "பூரிக்கட்டையெல்லாம் பழசாயிடுச்சா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுச் சிரிக்கவும் செய்தேன். அண்ணனும் சிரித்தார். சட்டையை மேலே இழுத்துப் பட்டன் போட்டுக்கொண்டு, "வா, இருட்டறதுக்குள்ள எறங்கிடலாம்" என்றார். இறங்கும்போது என் கம்பெனி, சம்பளம், சென்னை வாடகை என்று வேறு ஏதேதோ கேட்டுக்கொண்டே வந்தார். ஒரு மனிதர் தன் வாழ்க்கையில் சொல்வதற்கு மிகவும் கடினமான ஒன்றைச் சொல்ல வந்து, என் ஒரு ஜோக்கில் அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார் என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

அவர் என் பெரியம்மா மகன். செஞ்சியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தார். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம், மோட்டாரைத் தனியாகவே தூக்கி வண்டியில் ஏற்றுகிற உடம்பு. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பிறகு நாங்கள் போன இடங்களில் எல்லாம் எல்லோரும் முதலில் பார்த்தது அந்த உடம்பைத்தான்.

*

நாம் இந்த விஷயத்துக்குச் சிரிக்கப் பழக்கப்பட்டவர்கள். என் சிறுவயதில் வீட்டுக்கு வந்த வார இதழ்களில் பாதி ஜோக்குகள் பூரிக்கட்டை ஜோக்குகள்தான். தலையில் புடைப்போடு ஒரு கணவன், கையில் கட்டையோடு ஒரு மனைவி. எங்கள் பக்கம் கூத்து நடக்கும் ராத்திரிகளில் கட்டியக்காரன் பெண்டாட்டியிடம் அடி வாங்கிய கதையைச் சொன்னால் பாயில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட எழுந்து உட்கார்ந்து சிரிக்கும். சினிமாவில் வடிவேலு அடி வாங்காத இடமே கிடையாது.

இந்த ஜோக்குக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அடிக்கிற கை எப்போதும் ஆணுடையது என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதால்தான் அது தலைகீழாகும்போது சிரிப்பு வருகிறது. அந்தத் தெரிதலும் பொய் கிடையாது. என் அம்மாவின் முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். வாசற்படியில் தடுக்கி விழுந்ததாக ஊரில் சொல்லியிருந்தார். வாசற்படி உடைக்கவில்லை என்பது வீட்டிலிருந்த எனக்குத் தெரியும்.

2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 38 பேர் கணவனால் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளானவர்கள். இந்தியச் சராசரி 29. நம் மாநிலம் பெருமைப்பட ஏதுமில்லாத பட்டியல் இது. அதே கணக்கெடுப்பில் பெண்களிடம் இன்னொரு கேள்வியும் உண்டு: கணவர் உங்களை அடிக்காத நேரத்தில் நீங்களாக அவரை அடித்ததுண்டா? தேசிய அளவில் 100க்கு 4 பேர் ஆம் என்றிருக்கிறார்கள். 4 சின்ன எண்தான். இந்தியாவின் மக்கள்தொகையில் அது எத்தனை வீடுகள் என்று பெருக்கிப் பார்த்தால் அவ்வளவு சின்னதாகத் தெரியாது. ஆனால் நான் கவனித்தது வேறு. அந்தக் கேள்வியும் பெண்ணிடம்தான் கேட்கப்படுகிறது. "உங்கள் மனைவி உங்களை அடித்திருக்கிறாரா?" என்று ஓர் ஆணிடம் கேட்கும் கட்டமே அந்தப் படிவத்தில் இல்லை.

நான் மென்பொருள்காரன். லாக் இல்லாத பிழையை எங்கள் தொழிலில் எப்படி முடித்துவைப்போம் என்று எனக்குத் தெரியும். "மறுபடி நிகழ்த்திக் காட்ட முடியவில்லை" என்று எழுதி டிக்கெட்டை மூடிவிடுவோம். பயனர் தினமும் அதே பிழையோடு உட்கார்ந்திருப்பார்.

*

ஏப்ரல் மாதம் அண்ணன் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை நான் சிரிக்கவில்லை. ராத்திரி 11 மணிக்கு அவர் கடையின் ஷட்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் விடவில்லை. காதோரம் ரத்தம் உறைந்திருந்தது. காலையில் நான் சென்னையிலிருந்து வந்து சேர்ந்ததும் இருவரும் காவல் நிலையம் போனோம். எந்த ஊர் நிலையம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அங்கே நடந்தது வேறு எந்த நிலையத்திலும் நடந்திருக்கும்.

எழுத்தர் புகாரை வாங்கிப் படித்தார். அண்ணனை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, "இங்க வாங்க சார், கேஸ் பாருங்க" என்றார். நான் மலையில் சிரித்த அதே சிரிப்பு. அதில் கெட்ட எண்ணம்கூட இருக்கவில்லை. பிறகு "குடும்பத் தகராறுன்னா மகளிர் ஸ்டேஷன்தான் சார்" என்று அனுப்பினார்கள்.

1992இல் சென்னை ஆயிரம்விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. ஆண் காவலர்கள் முன்னால் வாய் திறக்க முடியாத பெண்களுக்காக வந்த ஏற்பாடு அது. என் அம்மா காலத்தில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒன்று இருந்திருந்தால் எங்கள் வீட்டின் கதை மாறியிருக்கலாம் என்று இன்றும் நினைப்பேன். அப்படிப்பட்ட ஒரு நிலையத்தின் மரப்பெஞ்சில் அண்ணன் முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள். அவர் அடித்துவிட்டு விசாரணைக்கு வந்தவர் என்றே அத்தனை பேரும் நினைத்தார்கள். உள்ளே கூப்பிட்டதும் கேட்ட முதல் கேள்வி: "அந்தம்மா வரலையா?"

அந்த உதவி ஆய்வாளர் பொறுமையாகத்தான் கேட்டார். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணா, சி.எஸ்.ஆர். போட்டுத் தரேன். ஆனா நாளைக்கு அவங்க வந்து வரதட்சணைன்னு ஒரு பெட்டிஷன் குடுத்தா, உங்கம்மா பேரும் அதுல வரும். யோசிச்சுக்குங்க. ஆஸ்பத்திரி போனீங்களா? ஏ.ஆர். காப்பி இருக்கா?"

ஏ.ஆர். காப்பி ஒன்று இருந்தது. 2018 ஆகஸ்டில் நெற்றியில் ஐந்து தையல் போட்டபோது அரசு மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் எழுதியது. காயத்தின் காரணம் என்ற இடத்தில் 'இருசக்கர வாகனத்திலிருந்து தவறி விழுந்ததாகக் கூறினார்' என்று இருந்தது. கூறியவர் அண்ணன்தான். உண்மையில் விழுந்தது டிபன் கேரியர். இஸ்திரிப் பெட்டிச் சூட்டுக்கு மருத்துவமனைக்கே போகவில்லை. பற்பசை தடவிக்கொண்டு கடையைத் திறந்துவிட்டார்.

அண்ணனுக்கு எதிரான முதல் சாட்சி அண்ணனே எழுதிக் கொடுத்ததுதான். அம்மாவின் வாசற்படியும் அண்ணனின் பைக்கும் ஒரே பொய்தான் என்று எனக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உறைத்தது. ஒரு வித்தியாசம் உண்டு. அம்மா வாசற்படி என்று சொன்னபோது ஊரில் யாரும் நம்பவில்லை. நம்பாதது மாதிரிக் காட்டிக்கொள்ளவும் இல்லை. அண்ணன் பைக் என்று சொன்னதை எல்லோரும் முழுசாக நம்பினார்கள்.

புகார் பதிவாகவில்லை. அண்ணனே திரும்ப வாங்கிக்கொண்டார்.

*

பிறகு ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். அவரிடம்தான் சட்டம் என்ன சொல்கிறது என்று முதல்முறை தெளிவாகக் கேட்டுக்கொண்டேன்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நீதித்துறை நடுவரிடம் பாதுகாப்பு ஆணை கேட்கலாம், வீட்டில் வசிக்கும் உரிமையைக் கேட்கலாம், பணம் கேட்கலாம், குழந்தையை இடைக்காலமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கேட்கலாம். கேட்கக்கூடியவர் பெண் மட்டுமே. 2016இல் ஹிரால் ஹர்சோரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்திலிருந்து 'வயதுவந்த ஆண்' என்ற சொற்களை நீக்கியது. அதனால் புகாருக்கு ஆளாகிறவர் இப்போது ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். புகார் கொடுக்கிறவர் பெண்ணாகத்தான் இருக்க முடியும். 1983இல் வந்த 498ஏ பிரிவும், 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவும் அப்படித்தான்.

2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இது பேச்சுக்கு வந்தது. மனைவியின் புகாரால் பணியிடை நீக்கம் செய்யப்பட்ட ஓர் அரசுக் கால்நடை மருத்துவரின் வழக்கு. மனைவிமேல் நடவடிக்கை எடுக்கக் கணவனுக்குக் குடும்ப வன்முறைச் சட்டம் போன்ற ஏற்பாடு எதுவும் துரதிர்ஷ்டவசமாக இல்லை என்று நீதிபதி எஸ். வைத்தியநாதன் குறிப்பிட்டார். அவரை மீண்டும் பணியில் சேர்க்க உத்தரவும் ஆனது.

ஆனால் வழக்கறிஞர் அத்தோடு நிறுத்தவில்லை. "தம்பி, சட்டமே இல்லன்னு சொல்லாதீங்க. சூடான பொருளால காயம் பண்ணா இ.பி.கோ. 324. யார் யாருக்குப் பண்ணாலும் 324தான். அதுல ஆம்பள பொம்பள கிடையாது. வாரண்ட் இல்லாமலே கைது பண்ணலாம், எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெருவில் யாரோ ஒருவன் அண்ணனின் முதுகில் இஸ்திரிப் பெட்டியை வைத்திருந்தால் அன்றைக்கே வழக்கு பதிவாகியிருக்கும். நாங்கள் கொண்டுபோன காகிதத்தில் 'மனைவி' என்ற சொல் இருந்தது. அந்த ஒரு சொல் குற்றத்தைத் தகராறாக மாற்றிவிட்டது. இதே மந்திரம்தான் காலங்காலமாகப் பெண்களின் காயங்களையும் 'வீட்டு விஷயம்' ஆக்கியது. அதை உடைக்கத்தான் தனிச் சட்டங்கள் வந்தன. ஆண்கள் விஷயத்தில் அது உடையாமலே இருக்கிறது.

மீதியிருந்தது விவாகரத்து. இந்து திருமணச் சட்டத்தின்படி கொடுமை ஒரு காரணம். கணவன், மனைவி இருவருக்கும் பொது. கொடுமை என்றால் என்ன என்று நம் நீதிமன்றங்கள் இன்றும் மேற்கோள் காட்டும் 1975ஆம் ஆண்டின் தஸ்தானே வழக்கைத் தொடுத்தவரே ஒரு கணவர்தான் என்பதை அவர் சொல்லித் தெரிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து தீர்ப்பைத் தேடிப் படித்தேன். ராத்திரியில் விளக்கைப் போட்டுவிட்டுப் படுக்கையருகே உட்கார்ந்து நச்சரிப்பது, அலுவலகம் விட்டு வருகிறவரை வெளியே வைத்துப் பூட்டுவது, கைக்குழந்தையின் நாக்கில் மிளகாய்ப்பொடியைத் தடவுவது, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திக்கொள்வேன் என்று மிரட்டுவது. இதெல்லாம் கொடுமைதான் என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் அந்தக் கணவர் தோற்றார். அதற்குப் பிறகும் மனைவியோடு தாம்பத்தியம் தொடர்ந்ததால் அவர் அதை மன்னித்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்றது தீர்ப்பு.

நாக்கில் மிளகாய்ப்பொடி என்ற வரியில் நான் நின்றுவிட்டேன். அண்ணன் ஏன் ஒவ்வொரு முறையும் வீட்டுக்குத் திரும்பிப் போனார் என்று அதுவரை எனக்குக் கோபம் இருந்தது. அவருக்கு அப்போது நான்கு வயதில் ஒரு மகள். "நான் வந்துட்டா அது யார்கிட்டடா இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். சட்டத்தின் மொழியில் அதற்குப் பெயர் மன்னிப்பு.

*

2024 டிசம்பர் 9இல் பெங்களூருவில் அதுல் சுபாஷ் என்ற 34 வயது மென்பொருள் பொறியாளர் தற்கொலை செய்துகொண்டார். 24 பக்கக் கடிதம், ஒரு நீண்ட காணொளி. மனைவி, அவர் குடும்பம், உத்தரப்பிரதேசத்தில் நடந்துகொண்டிருந்த வழக்குகள் பற்றியெல்லாம் அதில் குற்றச்சாட்டுகள் இருந்தன. மறுநாளே உச்ச நீதிமன்றம் வேறொரு தெலங்கானா வழக்கில் 498ஏ தவறாகப் பயன்படுத்தப்படுவது பற்றிக் கண்டித்துப் பேசியது. எங்கள் அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழு கொதித்தது. என் வயது, என் தொழில். நானும் தூங்கவில்லை.

அந்த வாரம் ஆண்கள் உரிமைக் குழு ஒன்றில் சேர்ந்தேன். அண்ணனைப் போன்றவர்கள் அங்கே பேசிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். பத்து நாள் இருந்தேன். பெண்களைப் பற்றிய வசைகள், நீதிபதிகளைப் பற்றிய வசைகள், கூடவே 2021ஆம் ஆண்டின் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கு: தற்கொலை செய்துகொண்ட திருமணமான ஆண்கள் 81,063, பெண்கள் 28,680. எண்கள் சரியானவைதான். ஆனால் அந்த 81,063 பேரையும் கொன்றது மனைவிகள் என்று அந்த அட்டவணை சொல்லவில்லை. கடன், நோய், குடி, வேலையின்மை எல்லாம் அதில் இருக்கின்றன. இதே கணக்கைக் காட்டி ஆண்களுக்கு ஒரு தேசிய ஆணையம் வேண்டும் என்று போன மனுவை 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறீர்கள் என்றது. அந்தக் குழுவில் யாரும் யாரிடமும் "வலிக்குதா, எங்க இருக்கீங்க?" என்று கேட்டு நான் பார்க்கவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

பொய் வழக்கு பற்றிய பேச்சு எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் 498ஏ புகார் வந்ததுமே கைது செய்யக் கூடாது, காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு அது காட்டிய காரணங்களில் ஒன்று தண்டனை விகிதம் 15 சதவீதம்தான் என்பது. தண்டனை குறைவு என்பதால் மிச்சமெல்லாம் பொய் ஆகிவிடாது. எத்தனை பெண்கள் பஞ்சாயத்தில் சமாதானமாகிச் சாட்சி சொல்லாமல் போகிறார்கள் என்று நம் ஊரில் பிறந்தவர்களுக்குத் தெரியும். அண்ணன்மேல் ஒரு வழக்கும் வந்ததில்லை. அவர் பிரச்சினை பொய் வழக்கு கிடையாது. முதுகில் வைத்த சூடு. ஆண்களின் துன்பம் என்றாலே பொய் வழக்கு என்று பேசுகிறவர்களும் அந்தச் சூட்டைப் பார்ப்பதில்லை.

2025 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அதைப் பார்த்தது. கணவர்மேல் மிளகாய்ப்பொடி கலந்த கொதிநீரை ஊற்றியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒரு பெண் முன்ஜாமீன் கேட்டார். நீதிபதி ஸ்வரண காந்த சர்மா மறுத்தார். இதே காயத்தை ஒரு கணவன் செய்திருந்தால் இரக்கம் கேட்டிருப்போமா என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். ஒரு பெண்ணுக்குள்ள பாதுகாப்பை எடுக்காமல் ஆணின் காயத்தையும் காயம் என்று சொல்ல முடியும் என்று எனக்குக் காட்டிய தீர்ப்பு அது.

*

பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. நாம் சட்டம் இயற்றிய அதே 2005இல் இலங்கையும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. 34ஆம் இலக்கச் சட்டம். அங்கே பாதிக்கப்பட்டவர் என்றால் 'ஆள்'. ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. அதனால் இலங்கைப் பெண்களின் நிலை மாறிவிட்டது என்றோ ஆண்கள் வரிசையில் நின்றார்கள் என்றோ சொல்ல வரவில்லை. கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான். இங்கேயும் குழந்தைகளுக்கான 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் சிறுவன், சிறுமி என்று பிரிப்பதில்லை.

கதவு மட்டும் போதாது என்பதையும் ஒரு வழக்கில் படித்தேன். இங்கிலாந்தில் அலெக்ஸ் ஸ்கீல் என்ற இளைஞர். அவருடைய காதலியும் அவர் குழந்தைகளின் தாயுமான பெண் கொதிநீர் ஊற்றினார், கத்தியால் வெட்டினார். 2018இல் அந்தப் பெண்ணுக்கு ஏழரை ஆண்டு சிறை. கட்டுப்படுத்தும் நடத்தை என்ற குற்றத்துக்காக அந்நாட்டில் தண்டிக்கப்பட்ட முதல் பெண். போலீஸ் கேட்டபோது முதலில் அலெக்ஸும் எல்லாம் தானே செய்துகொண்ட காயம் என்றுதான் சொன்னார். அவருடைய பைக். அங்கிருந்த காவலர் அதை எழுதிக்கொண்டு போய்விடவில்லை. தனியாக அழைத்து மறுபடியும் கேட்டார்.

எங்களுக்கு அந்த இரண்டாவது கேள்வி கிடைக்கவில்லை. தையல் போட்ட மருத்துவர் கேட்கவில்லை, எழுத்தர் கேட்கவில்லை. அவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. மலைமேல், அவரே சட்டையை இறக்கிக் காட்டியபோது, நானும் கேட்கவில்லை.

*

2021இல் உறவினர்கள் உட்கார்ந்து பேசி, பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆனது. மனுவில் 'கருத்து வேறுபாடு' என்று போட்டார்கள். அண்ணியின் தரப்பை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதை அறிந்துகொள்ளாமல் அவரை ராட்சசி ஆக்கி எழுதவும் மனமில்லை. மகள் அம்மாவிடம் வளர்கிறாள். மாதத்தில் இரண்டு ஞாயிறு பனமலைக்கு வருவாள்.

அண்ணன் இப்போது பெரியம்மாவோடு இருக்கிறார். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது மூவரும் மலை ஏறினோம். ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலில், சிவன் ஆடுவதைப் பார்த்து நிற்கும் உமையின் ஓவியத்தைத் தேடிக்கொண்டு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். பாதிக்குமேல் அழிந்துபோய், இருக்கிற கொஞ்சமே அழகாக இருக்கிறது. மகள் அதை மொபைலில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் வெளியே ஏரியைப் பார்த்து உட்கார்ந்தோம்.

இந்தக் கட்டுரையை எழுதப்போகிறேன், எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"எழுது. பேரு போடாத. பாப்பா படிப்பா ஒருநாள்."

"வேற ஏதாவது எழுதணுமாண்ணே?"

"ஆஸ்பத்திரிக்குப் போனா உண்மையச் சொல்லச் சொல்லு. அது ஒண்ணு போதும். என்னால முடியல."

எழுதிவிட்டேன். படிக்கிறவர்களில் யாருக்காவது அது தேவைப்பட்டால், சொல்வதற்கு ஆள் கிடைக்காத ராத்திரிகளில் 104 அல்லது 14416 என்ற எண்களுக்குப் பேசலாம். ஆணா பெண்ணா என்று பார்க்காமல் எடுப்பார்கள். உங்களிடம் ஒருவர் பைக்கிலிருந்து விழுந்தேன் என்று சொன்னால், தனியாக அழைத்துப்போய் இன்னொருமுறை கேளுங்கள்.

நான் அன்றைக்குக் கேட்டேன். மலையில், ஐந்து வருடங்களுக்கும் மேல் தாமதமாக: "அன்னைக்கு என்னண்ணே நடந்துச்சு?" மகள் உள்ளே இருக்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். இருட்டிய பிறகுதான் இறங்கினோம்.